பினாங்கு மருத்துவர் வூ லியன் தே: நோய் ஓய்ந்த பிறகு தொடங்கிய பணி

2020 மார்ச்சில் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது டாக்டர் வூ லியன் தேயின் பெயர் மீண்டும் பேசப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே கொள்ளைநோயை முகக்கவசத்தால் எதிர்த்து நின்ற பினாங்குக்காரர் என்று பலரும் அவரைப் பற்றி எழுதினார்கள். அவருடைய பிறந்தநாளான 2021 மார்ச் 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவருடைய உருவத்தை வரைந்து பெருமைப்படுத்தியது. பிறகு முகக்கவசத்தைக் கழற்றினோம். கூடவே அவரையும் மறந்துவிட்டோம்.

நான் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர். என் மாணவர்களிடம் இவரைப் பற்றிக் கேட்டால், தெரிந்த ஓரிருவரும் முகக்கவசத்தை மட்டுமே சொல்கிறார்கள். எனக்கோ இவர் வாழ்க்கையில் பெரிதாகப் படுவது வேறொன்று. ஹார்பின் நகரில் பத்து வாரங்களுக்குள் ஒரு பேரிடரை அடக்கிய இந்த மனிதர், அதன் பிறகு இருபது ஆண்டுகளை அடுத்த பேரிடருக்கான ஏற்பாடுகளில் செலவிட்டார். அதையும் தனி ஆளாகச் செய்யவில்லை. ஒன்றை ஒன்று சந்தேகித்துக்கொண்டிருந்த நாடுகளோடு சேர்ந்து செய்தார். மாணவர்களே, நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த இருபது ஆண்டுகளைத்தான்.

பொற்கொல்லரின் மகன்

வூ லியன் தே 1879இல் பினாங்கில் பிறந்தார். தந்தை சீனாவின் குவாங்டோங் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த பொற்கொல்லர். தாயார் இந்த மண்ணிலேயே பிறந்தவர். பெரிய குடும்பம்; உழைத்தால்தான் அடுப்பெரியும். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்த வூ, 1896இல் அரசியார் உபகாரச் சம்பளத்தை வென்றார். அன்று பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மாணவர்கள் எல்லாரும் போட்டியிட்ட பரிசு அது. ஆண்டுக்கு ஓரிருவருக்கே கிடைக்கும்.

17 வயதில் கப்பலேறி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இமானுவல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு மருத்துவம் படித்த முதல் சீன வம்சாவளி மாணவர் அவரே. பிறகு லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். லிவர்பூல், பாரிஸ், ஜெர்மனியின் ஹாலே ஆகிய நகரங்களின் ஆய்வுக்கூடங்களில் நுண்கிருமியியல் கற்றார். 1903இல் தாயகம் திரும்பி, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பெரிபெரி நோயை ஆராய்ந்தார்.

இத்தனை தகுதிகள் இருந்தும் அரசாங்க மருத்துவச் சேவையின் உயர் பதவிகள் அவருக்குத் திறக்கவில்லை. அவை ஐரோப்பிய இனத்தவருக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. ஆகவே பினாங்கு சூலியா வீதியில் சொந்தமாக மருத்துவமனை நடத்தினார். தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கிய அதே சூலியா வீதிதான். அங்கிருந்தபடியே அபின் பழக்கத்துக்கு எதிராக இயக்கம் நடத்தினார். அபின் விற்பனை அன்றைய அரசாங்கத்துக்குப் பெரும் வருவாய் தந்த தொழில். அபினால் வாழ்ந்தவர்களுக்கு அவர் கண்ணில் விழுந்த தூசியானார். அவருடைய மருந்தகத்தில் உரிமமின்றிச் சிறிதளவு அபின் கலந்த மருந்து இருந்தது என்று வழக்குப் போட்டு, அவருக்கே அபராதம் விதித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. 1908இல் தியென்சின் நகரின் ராணுவ மருத்துவக் கல்லூரியில் துணை இயக்குநராகப் பொறுப்பேற்றார். சீன மொழியைச் சரளமாகப் பேச அப்போது அவருக்கு வராது. அங்கு போன பிறகே முறையாகக் கற்றுக்கொண்டார்.

மூன்று ரயில் பாதைகள்

1910இன் இறுதியில் மஞ்சூரியாவில் மக்கள் கொத்துக்கொத்தாக மடியத் தொடங்கினர். காய்ச்சல், இருமல், இரத்தம் கலந்த சளி. இரண்டு மூன்று நாளில் மரணம். நோய் கண்டவர் எவரும் பிழைக்கவில்லை.

இந்த நோய் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது என்பதைப் புரிந்துகொள்ள மஞ்சூரியாவின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். வட பகுதியின் ரயில் பாதை ரஷ்யாவின் கையில் இருந்தது. தெற்குப் பாதையை ஜப்பான் நடத்தியது. முக்டென் நகரிலிருந்து பெய்ஜிங் செல்லும் பாதை சீனாவுடையது. ரஷ்யாவும் ஜப்பானும் 1904–1905இல் இந்த மண்ணில்தான் பெரும் போர் நடத்தின. மூன்று நாடுகளும் ஒன்றை ஒன்று நம்பவில்லை. ஆனால் நோய்க்கு எல்லை ஏது? பயணச்சீட்டு வாங்கிய கூலித் தொழிலாளியின் நுரையீரலில் அது மூன்று பாதைகளிலும் பயணம் செய்தது. சீனப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. வடக்கே வேலைக்குப் போன ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஊருக்குத் திரும்பும் காலம் அது.

இன்னோர் ஆபத்தும் இருந்தது. சீனாவால் நோயை அடக்க முடியவில்லை என்று காட்டி, அதையே சாக்காக வைத்து ரஷ்யாவோ ஜப்பானோ தன் படைகளை உள்ளே கொண்டுவந்துவிடக்கூடும் என்ற அச்சம் பெய்ஜிங் அரசவையில் நிலவியது. இந்நிலையில்தான் 31 வயது வூ லியன் தேயை ஹார்பினுக்கு அனுப்பினார்கள். 1910 டிசம்பர் 24 அன்று அவர் அங்கே இறங்கியபோது துணைக்கு வந்தவர் ஒரே ஒருவர்: அவருடைய கல்லூரியின் மூத்த மாணவர்.

மூன்று நாள் கழித்து, இறந்துபோன ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலை வூ சவப் பரிசோதனை செய்தார். சீன வழக்கப்படி அது தகாத செயல் என்பதால் இரகசியமாகவே செய்ய வேண்டியிருந்தது. நுண்ணோக்கியின் கீழ் பிளேக் கிருமி தெரிந்தது. ஆனால் உலகம் அறிந்திருந்த பிளேக் எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவுவது. ஹார்பினில் எலிகளை அறுத்துப் பார்த்தவர்களுக்கு எதுவும் கிட்டவில்லை. இங்கே நோய் நுரையீரலைத் தாக்கியிருந்தது. அப்படியென்றால் அது இருமல் துளிகள் வழியாக ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேராகத் தாவுகிறது என்று வூ முடிவு செய்தார். எலியைத் துரத்துவதில் பயனில்லை. மனிதரின் மூச்சைத்தான் தடுக்க வேண்டும்.

பருத்தி வலைத்துணி மடிப்புகளுக்கு நடுவே பஞ்சு வைத்து, தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் எளிய முகக்கவசத்தை அவர் வடிவமைத்தார். எவரும் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய மலிவான பொருள் அது. பலர் அதை ஏற்கவில்லை. ஜெரால்ட் மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். இளைய சீன மருத்துவர் ஒருவரின் முடிவை ஏற்க அவருக்கு மனம் வரவில்லை. முகக்கவசம் இன்றி மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளைப் பரிசோதித்தார். 1911 ஜனவரி 11 அன்று அதே நோயால் இறந்துபோனார். அதன்பின் ஊரில் முகக்கவசம் கட்டாத முகமே அரிதாயிற்று.

அடுத்த வேலைகள் வேகமாக நடந்தன. சீனர்கள் வாழ்ந்த ஃபுசியாதியன் பகுதி நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு வட்டாரத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுமதியின்றிப் போக முடியாது. குழுக்கள் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைத் தேடின. நோயாளிகளோடு பழகியவர்களைத் தனிமைப்படுத்தக் கட்டடங்கள் போதவில்லை. ரஷ்ய ரயில் நிர்வாகம் 120 சரக்குப் பெட்டிகளைக் கடனாகத் தந்தது. பகையின் அடையாளமாக இருந்த ரயில், சிகிச்சை முகாமாக மாறியது. காவலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் வந்தார்கள்.

மிகக் கடினமான முடிவு இனிமேல்தான் வந்தது. உறைபனியில் மண் கல்லாய் இறுகிக் கிடந்ததால் புதைக்க வழியில்லாமல், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சவப்பெட்டிகளும் உடல்களும் ஊர்ப்புறத்தில் கிடந்தன. எரிப்பது மூதாதையரை மதிக்கும் சீன மரபுக்கு எதிரானது. வூ ஊர்ப் பெரியவர்களையும் அதிகாரிகளையும் அந்த இடத்துக்கே அழைத்துப்போய்க் காட்டினார். அவர்களும் சம்மதித்துக் கையெழுத்திட்ட பிறகு பேரரசின் அனுமதியைக் கோரினார். அனுமதி கிடைத்ததும், புத்தாண்டின் மறுநாளான ஜனவரி 31 அன்று தகனம் நடந்தது. மார்ச் 1 அன்று ஹார்பினில் கடைசி நோயாளி பதிவானார்.

அந்தக் குளிர்காலத்தில் மஞ்சூரியாவிலும் அதைச் சுற்றியும் ஏறத்தாழ 60,000 பேர் இறந்தார்கள். அவர்களில் மருத்துவர்கள், தாதியர், பிணம் தூக்கிய கூலிகள் என நூற்றுக்கணக்கான பணியாளர்களும் அடங்குவர்.

முக்டென் மேசை

பேரிடர் முடிந்ததும் நாம் பொதுவாக என்ன செய்வோம்? பெருமூச்சு விடுவோம், பாராட்டுவிழா நடத்துவோம், கலைந்து போவோம். வூ அப்படிச் செய்யவில்லை.

1911 ஏப்ரல் 3ஆம் நாள் முக்டென் நகரில் அனைத்துலகப் பிளேக் மாநாடு கூடியது. அந்நகரின் இன்றைய பெயர் ஷென்யாங். அமெரிக்கா, ஆஸ்திரியா-ஹங்கேரி, பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், இத்தாலி, ஜப்பான், மெக்சிகோ, நெதர்லாந்து, ரஷ்யா, சீனா என 11 நாடுகளின் வல்லுநர்கள் வந்தார்கள். பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜப்பானின் கிதசாதோ வந்திருந்தார். ரஷ்யாவின் பெரும் ஆய்வாளர் சபொலோத்னி வந்திருந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே முக்டெனில் ரஷ்யப் படையும் ஜப்பானியப் படையும் மோதி, பல்லாயிரம் பேர் மாண்டிருந்தார்கள். இப்போது அதே இரு நாட்டவரும் ஒரே மேசையில் அமர்ந்து சளி மாதிரிகளையும் புள்ளிவிவரங்களையும் பகிர்ந்துகொண்டார்கள். அந்த மேசையின் தலைமை இருக்கையில் அமர்ந்திருந்தவர், பினாங்கில் அரசாங்க மருத்துவச் சேவையின் உயர் பதவி மறுக்கப்பட்ட 32 வயது இளைஞர்.

மாநாடு ஏறத்தாழ நான்கு வாரங்கள் நடந்தது. சீனா தன் குறிப்பேடுகளை எல்லாருக்கும் திறந்துவைத்தது. எங்கே எத்தனை பேர் இறந்தார்கள், எந்த முறை பலித்தது, எது பலிக்கவில்லை என்று எல்லாமே விவாதத்துக்கு வந்தன. நான் இந்த இடத்தில் வகுப்பில் சற்று நிறுத்துவேன். அண்டை வீட்டார் நம் பலவீனத்தைப் பார்த்துவிடுவார்களே என்று பயந்து கதவைச் சாத்திக்கொள்வது மனித இயல்பு. நாடுகளும் அப்படித்தான். ஆனால் தன் மருத்துவர்கள் திறமையானவர்கள் என்று காட்டிய பிறகு சீனாவுக்குக் கதவைத் திறக்கத் தயக்கம் இருக்கவில்லை. அனைத்துலக ஒத்துழைப்பு என்பது பிறரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதல்ல என்பதை முக்டென் எனக்குக் காட்டுகிறது. நம் வேலையை நாம் செய்துவிட்டு, செய்ததைப் பிறர் சோதித்துப் பார்க்க இடம் கொடுப்பது அது.

மாநாட்டோடு ஒத்துழைப்பு முடியவில்லை. அதே ஆண்டு வூவும் ரஷ்ய ஆய்வாளர்களும் புல்வெளி எல்லைப் பகுதிக்குக் கூட்டாகச் சென்று நோயின் மூலத்தைத் தேடினார்கள். அணில் இனத்தைச் சேர்ந்த, வளை தோண்டி வாழும் தார்பகான் என்ற விலங்கின் மீது சந்தேகம் விழுந்தது. அதன் ரோமத்துக்கு அப்போது நல்ல விலை. அனுபவமிக்க உள்ளூர் வேடர்கள் நோயுற்ற தார்பகானைத் தொடமாட்டார்கள். பணத்துக்காகப் புதிதாக வந்தவர்களுக்கு அந்த அறிவு இல்லை. நெரிசலான விடுதிகளில் அவர்கள் அடைந்து கிடந்தபோது நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது.

அமைதிக் காலத்து வேலை

மாநாடு முடிந்து ஓராண்டுக்குள் சீனப் பேரரசே கவிழ்ந்தது. அரசு மாறியது, அதிகாரிகள் மாறினார்கள். ஆனாலும் 1912இல் வட மஞ்சூரியப் பிளேக் தடுப்புச் சேவை உருவானது. ஹார்பினைத் தலைமையிடமாகக் கொண்டு, எல்லை ஊர்களிலும் ஆற்றுத் துறைகளிலும் மருத்துவமனைகள் எழுந்தன. நோய் இல்லாத நாளில் அவை பொதுமக்களுக்கு மருத்துவம் பார்த்தன. நோய் வந்த நாளில் தனிமைப்படுத்தும் இடங்களாயின. ஊர் மக்களுக்கு அங்குள்ள மருத்துவரைத் தெரியும். மருத்துவருக்கு ஊரைத் தெரியும். பேரிடர் நேரத்தில் திடீரென்று நம்பிக்கையை வரவழைக்க முடியாது. அது முன்கூட்டியே வளர்ந்திருக்க வேண்டும்.

சேவையின் ஆய்வறிக்கைகளை வூ ஆங்கிலத்தில் அச்சிட்டு வெளியிட்டார். எந்த நாட்டவரும் படிக்கலாம். 1915இல் சீன மருத்துவச் சங்கம் உருவாக முன்னின்றார். 1918இல் பெய்ஜிங்கில் மத்திய மருத்துவமனை எழக் காரணமானார். 1926இல் ஹார்பினில் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதே ஆண்டில் நுரையீரல் பிளேக் பற்றிய அவருடைய பெருநூலை ஜெனீவாவிலிருந்து அனைத்துலகச் சங்கம் வெளியிட்டது. ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான அமைப்பு அது.

இத்தனை உழைப்புக்கும் சோதனை 1920–1921இல் வந்தது. அதே நுரையீரல் பிளேக். அதே ரயில் பாதைகள். ஊருக்குத் திரும்பும் அதே தொழிலாளர்கள். ஆனால் இம்முறை மருத்துவமனைகள் இருந்தன. பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள். இறந்தவர்கள் சுமார் 9,300 பேர். அதுவும் பெருந்துயரமே, வூ தம் சக ஊழியர்களையும் அதில் இழந்தார். ஆனால் முதல் முறை இறந்தவர்கள் 60,000 என்பதை நினைவில் வையுங்கள். இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் செய்தித்தாளில் இடம்பெறாமல் நடந்த சின்னச் சின்ன வேலைகளின் பலன் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

1930இல் சீனத் தேசியத் தனிமைப்படுத்தல் சேவையின் தலைவரானார். அதுவரை அந்நியர் கையில் இருந்த துறைமுகச் சுகாதாரப் பரிசோதனை சீனாவின் பொறுப்புக்கு வந்தது. 1935இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. இதற்கிடையே 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவைக் கைப்பற்றியது. ஒருகாலத்தில் ஜப்பானிய மருத்துவர்களோடு சேர்ந்து அமர்ந்த அவரையே உளவாளி என்று சந்தேகித்துத் தடுத்து வைத்தார்கள். நாடுகளின் நட்பு எவ்வளவு எளிதில் முறியும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

1937இல் சீன–ஜப்பானியப் போர் வெடித்தது. வூ மலாயா திரும்பினார். ஈப்போவில் சாதாரண மருத்துவராக வாழ்ந்து, ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளித்தார். பேராக் நூலகம் உருவாகப் பணம் திரட்டினார். 1959இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 1960 ஜனவரி 21 அன்று, 80 வயதில், பிறந்த பினாங்கிலேயே கண்மூடினார்.

மூன்றாவது மாதம்

2014 டிசம்பரில் கிளந்தானைப் பெருவெள்ளம் சூழ்ந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். நீர் வடிந்த பிறகு தன்னார்வலர்களோடு குவாலா கிராய் பகுதிக்குப் போனேன். முதல் வாரம் சாலையில் உதவி வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மூன்றாவது மாதம் போனபோது எங்கள் வண்டி மட்டுமே நின்றது. அங்கிருந்தவர்கள் எங்களிடம் அரிசி கேட்கவில்லை. அடுத்த மழைக்கு முன் எச்சரிக்கை எப்படி வரும், முதியவர்களை யார் தூக்கிச் செல்வது, பிள்ளைகளின் பள்ளி ஆவணங்களை எங்கே பத்திரப்படுத்துவது என்று கேட்டார்கள். வூ லியன் தேயை நான் ஆழ்ந்து படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். மூன்றாவது மாதத்துக்குப் பிறகும் நின்று வேலை செய்தவர் அவர்.

அவர் வழியில் நம் வட்டாரத்திலும் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. ஆசியான் நாடுகள் 2011இல் ஜகார்த்தாவில் பேரிடர் உதவி ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை நிறுவின. நம் சுபாங்கில் பேரிடர் உதவிப் பொருள் கிடங்கு ஒன்று இருக்கிறது. கூடாரங்களும் பிற அவசரப் பொருள்களும் அங்கே முன்கூட்டியே அடுக்கி வைக்கப்பட்டு, எந்த ஆசியான் நாட்டுக்குத் தேவை வந்தாலும் புறப்படத் தயாராக உள்ளன. இன்று யாருக்கும் அது பெரிய செய்தி அல்ல. புயல் அடிக்கும் நாளில் அதன் அருமை தெரியும்.

மாணவர்களே, பேரிடர் நேரத்தில் உதவ ஓடும் மனம் உங்களுக்கு உண்டு. அதை நான் பார்த்திருக்கிறேன். அதோடு அமைதி நாளில் தயாராகும் பொறுமையும் வேண்டும். செம்பிறைச் சங்கமோ செயின்ட் ஜான் முதலுதவிப் படையோ, உங்கள் பள்ளிச் சீருடை இயக்கத்தில் முதலுதவியை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் குடியிருப்பில் தனியாக வாழும் முதியவர்கள் யார் என்று தெரிந்து வையுங்கள். அண்டை வீட்டாரின் மொழியில் நான்கு வாக்கியங்களாவது பேசப் பழகுங்கள். உயர்கல்விக்குத் துறை தேடுபவர்கள் பொதுச் சுகாதாரத்தையும் நோய்ப்பரவல் இயலையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஹார்பின் ரயில் நிலையத்தில் வூவுடன் இறங்கியவர் ஒரு மாணவர்தான். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருகிறது. தயாராவதற்கு இடையில் நமக்குச் சில மாதங்கள் இருக்கின்றன.